பனி மேல பழி போடாதீங்க

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வருகிற வண்டிகள் எங்கள் பக்கம் கூடிவிடும். கிறிஸ்துமஸ், புது வருஷம், அதை அடுத்துப் பொங்கல் லீவு. நடுவில் சபரிமலைக்குப் போகிற வேன்கள், மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டிக்கொண்டு போகிற பஸ்கள். திண்டிவனம் ரோடு ராத்திரி பகல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்குப் பனிக்காலமும் இதேதான். மார்கழி, தை இரண்டு மாதமும் விடியற்காலையில் எதிரே வருகிற ஆள் பத்தடிக்குள் வந்தால்தான் முகம் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் ஊறிக் கிடக்கும். இரும்பை ஏரியிலும் அந்தப் பக்கம் கழுவெளியிலும் தண்ணீர் நிற்கும். மழை விட்டு வானம் வெளுத்த ராத்திரிகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே காற்றும் அடிக்கவில்லை என்றால் அந்த ஈரமெல்லாம் தரையோடு பனிமூட்டமாக நின்றுவிடும். சில நாள் எட்டு மணி வரைக்கும் கலையாது. போகியன்று டயர், பழைய பாய் கொளுத்துகிற புகையும் அதோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பதிவில் நாற்று, உரம், விலை எதுவும் கிடையாது. பனியில் வண்டி ஓட்டி வந்து ஒருத்தருடைய மாட்டையோ மரத்தையோ வேலியையோ இடித்துவிட்டால் அந்த நஷ்டத்தை யார் கொடுக்கணும் என்பதைப் பற்றி எழுதுகிறேன். ஆள் அடிபட்டால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 108-க்குப் போன் போடுவோம், போலீஸ் வரும், கேஸ் வரும். பொருள் போனால்தான் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ரோட்டிலேயே ஒரு பஞ்சாயத்து நடந்து, கையில் இருக்கிறதை வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிறோம். அந்தப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் இரண்டு ஏழைகள்தான் தோற்றுப்போகிறார்கள். ஒருத்தர் பொருளைப் பறிகொடுத்தவர். இன்னொருத்தர் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற டிரைவர்.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்கு: திண்டிவனம் – புதுச்சேரி நான்குவழிச் சாலையில் மொரட்டாண்டி டோல்கேட்டை ஒட்டிக் கிழக்கே வந்தால் இரும்பை. ஆரோவில்லுக்குப் பக்கம். ஞானசம்பந்தர் பாடின மாகாளேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாடினபோது லிங்கம் வெடித்தது என்றும், ராஜா வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார் என்றும் ஊர்க்கதை. வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டித்தான் இன்றைக்கும் பூஜை நடக்கிறது. உடைந்ததை யார் கட்டித் தருவது என்கிற கேள்வி எங்கள் ஊருக்குப் புதுசு கிடையாது.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கறவை மாடு வைத்திருந்தார். ஜெர்சி கலப்பு, செவலை நிறம், ஆறு மாதச் சினை. மகளிர் குழுவில் கடன் போட்டு வாங்கின மாடு. காலையில் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மாட்டை ரோட்டைத் தாண்டி எங்கள் கொல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற புல்லுக்கு ஓட்டிக்கொண்டு போவார். அன்றைக்கும் ஆறே கால் மணிக்குக் கையில் டார்ச்சோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். புதுச்சேரி மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டி யானை வண்டி மாட்டின் பின்பக்கத்தில் அடித்து, திருப்பின வேகத்தில் என் வேலிக்குள் புகுந்துவிட்டது. ஆறு கல்லுக்கால் முறிந்தது. காய்ப்புக்கு வந்து இரண்டு வருஷமான தென்னை ஒன்று அடியோடு சாய்ந்தது. அக்கா கயிற்றை விட்டுவிட்டதால் தப்பினார்.

மாட்டுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அரசு கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டுப் பார்த்தார். சாயங்காலம் அது செத்துப்போனது.

டிரைவர் ஓடவில்லை. அதை முதலில் சொல்லவேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். "ஒரே பனிண்ணே, ஒண்ணுமே தெரில. மாடு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரில"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றான். யாரோ வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதலாளிக்குப் போன் போட்டால், "நீ இடிச்சதுக்கு நான் என்னா பண்றது, நீயே பேசி முடி. இல்லன்னா நான் குடுத்துட்டு மாசாமாசம் சம்பளத்துல புடிச்சிக்கிறேன்" என்று பதில். கூட்டத்தில் ஒருத்தர் பத்தாயிரம் என்றார். இன்னொருத்தர் பதினைந்து என்றார். அந்தப் பையன் தன் செல்போனை எடுத்து நீட்டினான். "இதை வெச்சிக்கோங்க, நாளைக்குக் காசு கொண்டாறேன்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒரு வாய்க்கு மட்டும், "மாடு போச்சு, தவணை போவலயே" என்றார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் இருக்கிற மாமா ஒருத்தர் வந்தார். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவுடனே அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தரப்போற" என்று இல்லை. "தம்பி, இன்சூரன்ஸ் பேப்பர் எங்க?" என்றார். வண்டி டாஷ்போர்டில் இருந்தது. நடப்பில்தான் இருந்தது. அதில் ஒரு வரியைக் காட்டினார். மூன்றாம் நபர் சொத்துச் சேதம்: ஏழரை லட்சம்.

"ஏழரை லட்சத்துக்குப் பணம் கட்டி வெச்சிருக்கான். நீங்க இந்தப் பையன் செல்போனைப் புடுங்கினு நிக்கிறீங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் உட்கார்ந்து கேட்டதும், தீர்ப்பாயத்துக்கு அலைந்தபோது தெரிந்துகொண்டதும் நிறைய. நகரத்தில் இருக்கிற நீங்களும் வண்டி வைத்திருப்பீர்கள். எங்கள் ஊர் ரோட்டில் வருவீர்கள். அதனால் இதெல்லாம் உங்களுக்கும் வேண்டியதுதான்.

முதல் விஷயம், இடித்தவர்தான் பொறுப்பு. கவனக் குறைவாக ஓட்டின டிரைவர் சட்டத்தின் கண்ணில் முதல் ஆள். அவர் ஒருத்தரிடம் வேலைக்கு ஓட்டினால் அந்த முதலாளியும் சேர்ந்து பொறுப்பு. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு மேல் ஒரு படி போகிறது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை எடுக்கவே கூடாது என்று 146-ஆவது பிரிவு சொல்கிறது. 147-ஆவது பிரிவுப்படி அந்தப் பாலிசி உயிருக்கும் உடம்புக்கும் மட்டும் இல்லாமல், மூன்றாம் நபருடைய சொத்துக்கு ஏற்படுகிற சேதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதாவது, தப்பு டிரைவருடையது, பொறுப்பு முதலாளிக்கும் உண்டு, பணம் வரவேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து. நடுரோட்டுப் பஞ்சாயத்தில் இந்த மூன்றாவது ஆள் வருவதே இல்லை. இரண்டாவது ஆள் போனில் நழுவிவிடுகிறார். மாட்டிக்கொள்கிறவன் டிரைவர்தான்.

சொத்து என்றால் கார், பங்களா என்று நினைக்கவேண்டாம். அதே சட்டத்தில் 145-ஆவது பிரிவு சொத்து என்பதில் எதெல்லாம் சேரும் என்று சொல்கிறது. ரோடு, பாலம், சிறுபாலம், மரம், கம்பம், மைல்கல் எல்லாம் அதில் வருகிறது. மரம் என்று எழுதியே இருக்கிறது. என் தென்னைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மாடும் ஆடும் அவற்றை வைத்திருப்பவரின் சொத்துதான். விபத்து நடந்தால் வண்டியை நிறுத்துவதைப் பற்றிச் சொல்கிற 132-ஆவது பிரிவில் பிராணி என்றால் என்ன என்றுகூட விளக்கம் இருக்கிறது. குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு. நாய்க்கும் கோழிக்கும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

அந்தப் பிரிவிலேயே டிரைவர்களுக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு. விபத்தால் பாதிக்கப்பட்டவர் தன் பெயர், விலாசத்தைச் சொல்லிக் கேட்டால், டிரைவர் தன்னுடைய பெயர், விலாசம், வண்டி முதலாளியின் பெயர், விலாசம் எல்லாம் கொடுத்தே ஆகவேண்டும். கேட்பதற்கு நாம் போலீஸாக இருக்கவேண்டும் என்று இல்லை. நம்ம மாட்டை இடித்தால் நாமே கேட்கலாம். அந்தப் பையன் என் பேத்தியின் ஹோம்வொர்க் நோட்டில் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பின்னால் அந்தத் தாளுக்கு நல்ல மதிப்பு இருந்தது.

இப்போது பனிக்கு வருகிறேன்.

தீர்ப்பாயத்தில் கம்பெனித் தரப்பு சொன்னதும் அந்தப் பையன் சொன்னதேதான். பனிமூட்டம், மாடு குறுக்கே வந்தது, யார் ஓட்டியிருந்தாலும் இடித்திருக்கும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களே பாதிப் பேர், "பாவம், பனிக்கு அவன் இன்னா பண்ணுவான்" என்றார்கள்.

மாமா இதற்குச் சொன்ன பதில் எனக்கு மறக்காது. "நேரா போய்க்கினு இருக்கும்போது ஆலமரம் முறிஞ்சி வண்டி மேல வுழுந்து, அந்த வண்டி உன் வேலில போய் இடிச்சா அது வேற. பனி அப்படி வுழுறது இல்ல. வீட்ட வுட்டுக் கெளம்பும்போதே தெரியுது. கண்ணு தெரியலன்னா வேகத்தைக் கொறைக்கணும். கொறைக்க முடியலன்னா ஓரமா நிறுத்தணும். கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சே வேகமாப் போனதுதான் தப்பு."

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளில், ரோட்டின் நிலைமை, போக்குவரத்து, பார்வைத் தூரம், வானிலை இதற்கெல்லாம் ஏற்றபடி டிரைவர் வேகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் என்று பலகை இருந்தால் எப்போதும் அறுபதில் போகலாம் என்று அர்த்தம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். எதிரே இருப்பதைக் கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தாலும், பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க இன்னும் கொஞ்ச தூரம் வேண்டும். பனியில் ரோடு வேறு நனைந்திருக்கும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது இருபது மீட்டர் இருந்தால் அதிகம். அதே வண்டி 30-இல் வந்திருந்தால் இருபது மீட்டருக்குள் நின்றிருக்கும், அல்லது மாட்டுக்கு ஒரு சிராய்ப்போடு போயிருக்கும். இந்த வித்தியாசம் பனியால் வந்தது இல்லை.

பனி இல்லாத, ஐஸே கொட்டுகிற ஊர்களிலும் இதே கதைதான். எங்கள் உறவுப் பையன் ஒருத்தன் கனடாவில் மான்ட்ரியாலில் இருக்கிறான். அவனிடம் பேசினபோது சொன்னான், அவர்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் மாட்டுவது சட்டப்படி கட்டாயமாம். "ஐஸ்ல சறுக்கிடுச்சுன்னு சொன்னா, ஐஸ் இருக்கும்னு தெரியாதான்னு திருப்பிக் கேப்பாங்க மாமா" என்றான். குளிர்காலம் வரும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த ஆபத்துக்குத் தயாராக வராதவர்தான் பொறுப்பு. அந்த ஊர் ஐஸுக்கும் எங்கள் ஊர்ப் பனிக்கும் இதில் ஒரே நியாயம்.

ஆனால் சொத்துச் சேதத்தில் ஒரு கஷ்டம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். உயிர் போனாலோ பலத்த காயம் பட்டாலோ, யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே ஒரு குறிப்பிட்ட தொகை கிடைக்க 164-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. இடித்த வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் அரசுத் திட்டத்தில், 2022 ஏப்ரல் முதல், உயிரிழப்புக்கு இரண்டு லட்சம், பலத்த காயத்துக்கு ஐம்பதாயிரம் உண்டு. மாட்டுக்கும் மரத்துக்கும் வேலிக்கும் இது எதுவும் கிடையாது. ஓட்டினவருடைய கவனக் குறைவை நாம் நிரூபிக்க வேண்டும். வண்டி நம்பர் தெரியாவிட்டால் அதோடு முடிந்தது. பனிக்குள் மறைந்து போகிற ஒரு வண்டி ஒரு குடும்பத்தின் ஒரு வருஷ வருமானத்தைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அந்தப் பையன் ஓடாமல் நின்றதை முதலில் சொன்னேன்.

மாமா அன்றைக்கே எங்களை ஓடவிட்டார். மாடு கிடந்த இடம், டயர் தேய்ந்த தடம், முறிந்த கல்லுக்கால், வண்டி முன்பக்கம் எல்லாவற்றையும் நகர்த்துவதற்கு முன்னால் போட்டோ. ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை என்பதும் அதில் தெரிந்தது. மாட்டின் காது வில்லையில் இருக்கிற 12 இலக்க எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று, மாட்டின் வயசு, சினை, மதிப்பு எழுதின சான்று. சொசைட்டியில் அக்காவின் பால் பாஸ்புக். போலீஸில் புகார் கொடுத்தோம். "ஆளுக்கு ஒண்ணும் ஆகலயே, பேசி முடிச்சிக்கோங்க" என்றுதான் அங்கேயும் முதலில் சொன்னார்கள். மாமா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியானம் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது.

அடுத்தது, கையெழுத்து. பத்து, பதினைந்து ஆயிரம் கையில் கொடுக்கும்போது கூடவே ஒரு தாளில், "இனிமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். வண்டிக்காரருக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும். பின்னால் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கழிக்கலாம். ரோட்டிலேயே பேசி முடிப்பது இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம்தான்.

ஆனால் அக்காவுக்கு அடுத்த வாரத் தவணை 850 ரூபாய் கட்டணுமே? தீர்ப்பாயம் தருகிற வரைக்கும் குழு காத்திருக்காது. சட்டம் தெரிந்தவர்கள் பேசும்போது இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையில் கிடைக்கிற பத்தாயிரத்தை ஏழை ஏன் வாங்குகிறான் என்றால், அடுத்த திங்கட்கிழமைக்காக வாங்குகிறான். எட்டு லிட்டர் பால், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 280 ரூபாய் அன்றையிலிருந்தே நின்றுபோனது.

மாமா முதலாளியிடம் மறுபடியும் பேசினார். மருத்துவச் செலவுக்கு உதவியாக ஐயாயிரம் கொடுங்கள், இது நஷ்ட ஈடு இல்லை, பொறுப்பை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது என்று தாளில் அப்படியே எழுதி வாங்கிக் கொடுத்தார். அதோடு, "கம்பெனி குடுக்கவேண்டிய காசுக்கு இந்தப் பையன் சம்பளத்துல கை வெக்காத" என்றும் சொன்னார். வண்டியின் சாவி அன்று சாயங்காலம் பையன் கைக்குத் திரும்பிப் போனது. தவணைக்கு எங்கள் தெருவில் நாலு வீடு மாற்றி மாற்றிக் கை கொடுத்தோம்.

தீர்ப்பாயத்தில் மனுப் போட வக்கீல் ஒருத்தரை மாமாவே பிடித்துக் கொடுத்தார். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நாம் குடியிருக்கிற இடத்திலும் போடலாம் என்பதால் அலைச்சல் திண்டிவனத்தோடு போனது. 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போடணும். அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மாதம் கழித்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. மாட்டின் மதிப்பு 56,000 என்று ஒத்துக்கொண்டார்கள். இருட்டு நேரத்தில் மாட்டை ரோட்டுக்குக் குறுக்கே ஓட்டியதற்கு நாலில் ஒரு பங்கு கழித்து அக்காவுக்கு 42,000. எனக்கும் அதே மாதிரி கால் பங்கு கழிக்கப் பார்த்தார்கள். வக்கீல் சிரித்துக்கொண்டே, "வேலி குறுக்க ஓடி வரலீங்க, அது எட்டு வருஷமா அங்கதான் நிக்குது" என்றார். நான் கேட்டது 14,000. தென்னைக்கு மதிப்புப் போடுவதில் இழுபறி நடந்து 12,000 கிடைத்தது. வக்கீல் பீஸ் போக மீதி கைக்கு வந்தது.

இது பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். செத்த மாட்டோடு போன கன்றுக்கு யாரும் விலை போடவில்லை. பதினோரு மாதப் பால் காசு வரவில்லை. ஆனாலும் அன்றைக்கு ரோட்டில் பேசின பத்தாயிரத்தைவிட நாலு மடங்கு. டிரைவர் பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறுகிறது.

இதே ரோட்டில் ஒரு வண்டி மின்கம்பத்தை இடித்தால் மின்வாரியம் கம்பம், கம்பி, கூலி எல்லாம் சேர்த்துப் பில் போட்டு வசூலித்துவிடும். வாரியத்துக்கு ஆபீஸ் இருக்கிறது, என்ஜினீயர் இருக்கிறார், மதிப்பீட்டுத் தாள் இருக்கிறது. அக்காவுக்கு ஒரு டார்ச்சும் பால் பாஸ்புக்கும்தான் இருந்தது. சட்டத்தில் கம்பமும் சொத்து, மாடும் சொத்து. நடைமுறையில் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கிறது.

மனுநீதிச் சோழன் கதை எல்லோருக்கும் தெரியும். இளவரசன் தேரில் கன்று அடிபட்டது. பசு போய் மணியை அடித்தது. ராஜா மகனையே தேர்க்காலில் இட்டார். சின்ன வயசிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால், விபத்து என்றவுடனே ஓட்டினவனை என்ன செய்யலாம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. சாவியைப் பிடுங்கு, நாலு அறை விடு, செல்போனை வாங்கு. கன்றைப் பறிகொடுத்த பக்கத்துக்கு என்ன கிடைத்தது என்று யோசிப்பதில்லை. இன்றைய சட்டம் அதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்கிறது. ஓட்டினவனை அடிப்பதால் அக்கா வீட்டுக்குப் பால் வராது.

எங்கள் பக்கத்திலும் செய்யவேண்டியது இருக்கிறது. விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் கரும்பு டிராக்டர் டிரெய்லரை ராத்திரி ரோட்டோரம் நிறுத்துவது, பாதி ரோட்டில் நெல்லைக் காயவைத்துச் சுற்றிக் கல் வைப்பது, கறக்காத மாட்டை அவிழ்த்துவிடுவது. இதில் யாராவது மோதினால் பொறுப்பில் நமக்கும் பங்கு வரும். அக்கா இப்போது புது மாட்டின் கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டியிருக்கிறார். பனி நாளில் வெயில் வந்த பிறகுதான் ரோட்டைத் தாண்டுகிறார். நாலில் ஒரு பங்கு என்று அவர்கள் கழித்தது கோபமாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது சிலதுதான். இன்றைக்கே உங்கள் வண்டி பாலிசியை எடுத்துப் பாருங்கள். சொத்துச் சேதத்துக்கு நேரே கார் என்றால் பொதுவாக 7,50,000 என்றும், டூவீலர் என்றால் 1,00,000 என்றும் இருக்கும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000-ஆகக் குறைத்துக்கொள்கிற வழியும் இருந்தது. 1988 சட்டத்தில் இருந்த பழைய கணக்கு அது. ஆறாயிரத்தில் இன்றைக்கு ஒரு நல்ல கிடாரிக் கன்றுகூட வராது. உங்களுடையதில் அப்படிக் குறைத்திருந்தால் ஏஜென்டைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு சிசி வரைக்கும் உள்ள காருக்கு 2022-இல் அரசு நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். உயிருக்கும் சொத்துக்கும் சேர்த்து நீங்கள் கட்டுகிற பணம் அது. தேவைப்படும்போது அதைப் பயன்படுத்துங்கள். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய விஷயம், இடித்ததற்கு முழுப் பணமும் உங்கள் கையிலிருந்து போகும்.

டிரைவர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விடியற்காலை நாலு மணிக்கு அவரை எழுப்பி, "ஒன்பது மணிக்குள்ள பாண்டி போயிடணும்" என்று சொல்லி உட்கார்ந்தால், அந்த வேகத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. இடித்த பிறகு போனில் நழுவாதீர்கள். பாலிசி நம்பரை நீங்களே சொல்லுங்கள். உங்கள் கம்பெனிக்கும் போலீஸுக்கும் அன்றைக்கே தகவல் கொடுங்கள். டிரைவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லவேண்டும் என்று 134-ஆவது பிரிவில் இருக்கிறது.

இடித்துவிட்டால் நில்லுங்கள். ஊர்க்காரர்கள் கூடுவார்கள், சத்தம் போடுவார்கள். பயமாக இருந்தால் உடனே 100-க்குப் போன் போட்டுவிட்டு நில்லுங்கள். நின்றவர்களை நாங்கள் மறப்பதில்லை. அந்தப் பையன் இப்போதும் வாரத்துக்கு மூன்று நாள் காய் ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தான் போகிறான். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, "அக்கா, முருங்கைக்கா வேணுமா" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். இரண்டு ஹெட்லைட்டும் எரிகிறது.

மார்கழியில் எங்கள் ஊர் நன்றாக இருக்கும். வாசலுக்கு வாசல் கோலமும் பூசணிப் பூவும், கோயிலில் திருவெம்பாவையும் சுடச்சுட வெண்பொங்கலும். வாங்க. லோ பீமில், முப்பதில், ஒரு மணி நேரம் லேட்டாக வாங்க.